குடிநிறுத்த மாத்திரையை வலிக்கு எழுதும்போது

சேலம் ஐந்து ரோடு, செர்ரி ரோடு பக்கத்து மருந்துக்கடைகளில் நால்ட்ரெக்சோன் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது 50 மில்லிகிராம் மாத்திரை அட்டையைத்தான். அவருக்குத் தெரிந்தவரை அது குடிப்பழக்கத்தை விடுவதற்கான மாத்திரை. சீட்டை நீட்டுகிறவரோ, வருடக்கணக்காக உடம்பெல்லாம் வலி என்று அலையும் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டு அம்மாவாக இருக்கலாம். சீட்டில் 1.5 மி.கி. என்று எழுதியிருக்கும். “இது குடிக்கிறவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சேக்கா, உங்களுக்கா?” என்று கடைப்பையன் கேட்டுவிட்டால் வாங்காமலே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அவன் கேட்டதில் தப்பில்லை. பதில்தான் கொஞ்சம் நீளம்.

அபின், மார்பின், கோடீன், டிராமடால், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள் எல்லாம் மூளை, தண்டுவடம், குடல் ஆகியவற்றில் இருக்கும் ஓபியாய்டு ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வலியைத் தணிக்க நம் உடம்பே சுரக்கும் எண்டார்பினும் அங்கேதான் ஒட்டுகிறது. நால்ட்ரெக்சோன் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வலியைத் தணிக்காது, போதையும் தராது. பூட்டில் நுழையும், ஆனால் திருகாத சாவி. அது உள்ளே இருக்கும்வரை வேறு சாவி நுழையாது. 1963இல் உருவாக்கப்பட்ட இந்த மருந்துக்கு 1984இல் அமெரிக்காவில் ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கும், 1994இல் குடிநோய்க்கும் அனுமதி கிடைத்தது. சாராயம் தரும் சந்தோஷத்தில் ஒரு பங்கு எண்டார்பின் வழியாக வருவதால் அந்த வழியை அடைக்கிறார்கள். இரண்டு பயன்பாட்டுக்கும் அளவு பெரும்பாலும் நாளுக்கு 50 மி.கி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடிநிறுத்த மாத்திரை என்றாலே ‘சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்’ என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது டைசல்ஃபிராம் என்ற வேறொரு மருந்தின் குணம். நால்ட்ரெக்சோன் அப்படிச் செய்யாது.

குறைந்த அளவு என்று மருத்துவர்கள் சொல்வது 0.5 முதல் 4.5 மி.கி. வரை, அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1980களின் நடுவில் நியூயார்க் மருத்துவர் பெர்னார்ட் பிஹாரி எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்தச் சிறிய அளவைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. பென்சில்வேனியாவில் இயன் ஸகோன் என்ற ஆய்வாளர் அதே காலத்தில் விலங்குகளில் இந்த மருந்தை ஆராய்ந்துவந்தார். இருவர் வழியாகவும் வந்த விளக்கம் இது: சிறிய அளவு ஏற்பிகளைச் சில மணி நேரம் மட்டும் அடைக்கிறது. அடைப்பு விலகியதும் உடம்பு அதை ஈடுகட்ட எண்டார்பினையும் ஏற்பிகளையும் கூட்டிக்கொள்கிறது. இரவில் விழுங்கிவிட்டால் அடைப்பு தூக்கத்தில் கழிந்துவிடும், பகலில் பலன் கிடைக்கும்.

இரண்டாவது விளக்கம் பிறகு வந்தது. நரம்பு மண்டலத்தில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. இவை காரணமில்லாமல் விழித்தபடியே இருந்தால் அழற்சி ரசாயனங்களைக் கக்கிக்கொண்டே இருக்கும். வலி, களைப்பு, மூளை மந்தம் எல்லாம் அதிலிருந்து வரலாம் என்று கருதுகிறார்கள். இந்தச் செல்களில் இருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியையும் நால்ட்ரெக்சோன் அடைக்கிறது. அது ஓபியாய்டு ஏற்பி அல்ல, தனி வழி. இரண்டு விளக்கங்களும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் விலங்குகளிலிருந்தும் வந்தவை. மனிதரில் எது எவ்வளவு நடக்கிறது என்பது இன்னும் முடிவான விஷயமல்ல. அதனால் ‘உங்கள் எண்டார்பினை இரட்டிப்பாக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற உறுதிமொழியை நம்பத் தேவையில்லை.

மருத்துவர் இதை எழுதும் காரணங்களில் முன்னால் நிற்பது ஃபைப்ரோமயால்ஜியா. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் தோள், இடுப்பு, முழங்கால் என்று இடம் மாறி வலிக்கும், தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. ஸ்டான்ஃபோர்டில் ஜாரெட் யங்கர் குழு 2009இல் 10 பெண்களிடமும், 2013இல் 31 பெண்களிடமும் 4.5 மி.கி. கொடுத்துப் பார்த்தது. இரண்டாவது ஆய்வில் நால்ட்ரெக்சோன் எடுத்த காலத்தில் வலி 28.8 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை எடுத்த காலத்திலும் 18 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிட்டு முதல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். மருந்தின் சொந்தப் பங்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 11 புள்ளிதான்.

அடுத்து வந்தது டென்மார்க் ஆய்வு, 2024இல் வெளியானது. 99 பெண்கள், 6 மி.கி., 12 வாரம். வலியில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஞாபக மறதித் தொல்லையில் மட்டும் சிறிது நன்மை இருந்தது. சிறிய ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது பெரிய ஆய்வில் மங்குவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான். சிலருக்குக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை, யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்பதே நியாயமான வாசிப்பு.

குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோயில் 2011இல் வந்த 40 பேர் ஆய்வு நல்ல அறிகுறிகளைக் காட்டியது. ஆனால் எண்ணிக்கை சிறியது, இருக்கிற சான்று போதாது என்பதே பின்னால் வந்த மதிப்பாய்வின் முடிவு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனும் நரம்பு மண்டல நோயில் ஒரு ஆய்வில் மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, இன்னொன்றில் உயரவில்லை. நீண்ட கோவிட் களைப்புக்குத் தருகிறார்கள், சான்று இப்போதுதான் சேர்கிறது. புற்றுநோய்க்கும் ஆட்டிசத்துக்கும் சொல்லப்படுவதை நம்பி, நடக்கிற சிகிச்சையை நிறுத்தக் கூடாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களும் அப்படியே. இது துணை மருந்தாக இருக்கலாம், மாற்று அல்ல.

நால்ட்ரெக்சோனின் இந்தக் குறைந்த அளவுக்கு எந்த நோய்க்கும் எந்தப் பெரிய நாடும் முறையான அனுமதி தரவில்லை. மருத்துவர் தன் பொறுப்பில் எழுதுகிறார். பெரிய ஆய்வுகள் வராததற்குக் காரணம் சதி எதுவும் இல்லை, காப்புரிமை முடிந்த பழைய மாத்திரை இது, பல கோடி செலவழித்து ஆய்வு நடத்த எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. நார்வேயில் 2013இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு இதைக் கேட்டு வாங்குவோர் கூட்டம் திடீரென்று பெருகியது. சான்றுக்கு முன்னால் நம்பிக்கை ஓடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.

இனி நடைமுறை. கையில் இருப்பது 50, வேண்டியது ஒன்றரை. கத்தியால் வெட்டினால் பாதி 25, கால் 12.5, அரைக்கால் 6.25. அதுவும் சமமாக உடையாது. ஆகவே வெட்டுவது வழியே இல்லை. மாத்திரையைத் தேவையான அளவில் காப்ஸ்யூலாகத் தயாரித்துத் தரும் மருந்தகம் கிடைத்தால் அதுவே நல்லது. மெதுவாகக் கரையும் வகையாக இல்லாமல் உடனே கரையும் வகையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் மட்டுமே அடைத்துவிட்டு விலகுவதுதான் இதன் கணக்கு. அது கிடைக்காதபோது பல மருத்துவர்கள் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள்: ஒரு 50 மி.கி. மாத்திரை, 50 மில்லி தண்ணீர், ஆக ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். ஒன்றரை மி.கி. வேண்டுமென்றால் ஒன்றரை மில்லி.

கேட்க எளிது, தவறுவது செய்முறையில்தான். போர்த் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர். அளக்கத் தம்ளர் உதவாது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால் ஐந்து முறை இழுத்து பழுப்புநிறக் கண்ணாடிப் பாட்டிலில் விட வேண்டும். மாத்திரையைப் போட்டு அது தானே உதிரும்வரை விட்டு, பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து கரைந்துவிடும், மாத்திரையைக் கட்டியாக வைத்திருந்த மாவுப் பொருள் கரையாது, அடியில் வெள்ளையாகத் தங்கும். மேல்பூச்சின் நிறம் தண்ணீரில் இறங்கலாம், அதனால் பயமில்லை. ஒவ்வொரு வேளையும் எடுக்கும் முன் குலுக்கி, 1 அல்லது 2 மில்லி சிரிஞ்சால் எடுத்து வாயில் விட்டு, கசப்புக்கு மேலே தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். டீஸ்பூனால் அளக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் 5 மில்லி, அதாவது தொடக்க அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தக் கரைசலில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரம், அதற்குமேல் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பது நல்லது. வாரத்துக்கு ஒரு மாத்திரைதான் செலவு, மிச்சம் பிடித்துக் கெட்டுப்போனதைக் குடிக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறை அலமாரியில் வைப்பது சரிவராது. ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் குளிர் இருப்பதால் சில மணி நேரம் பிரச்சினையில்லை. பாட்டிலின்மேல் தேதியும் ‘1 மில்லி = 1 மி.கி.’ என்றும் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

அளவில் நடக்கும் மோசமான தவறு புள்ளியில் நடப்பது. சீட்டில் புள்ளி மங்கினால் 4.5 என்பது 45 ஆகிவிடும், 0.5 என்பதை .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். பத்து மடங்கு. சீட்டு வாங்கும்போதே “எத்தனை மில்லி, டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேட்டு, எழுத்தில் ‘ஒன்றரை’ என்று போடச் சொல்லலாம். கோபித்துக்கொள்ளும் மருத்துவர் அரிது.

தொடக்கம் பெரும்பாலும் 0.5 அல்லது 1.5 மி.கி., இரவில். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி 3, பிறகு 4.5. எல்லோரும் நாலரையைத் தொட வேண்டும் என்றில்லை, மூன்றிலேயே நன்றாக இருந்தால் அங்கேயே நிற்கலாம். இரவில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உருக்காலையிலோ நூற்பாலையிலோ இரவு ஷிப்ட் பார்ப்பவர் தினமும் ஒரே நேரம் வருமாறு காலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பக்க விளைவில் முதலில் வருவது கனவு. கெட்ட கனவு என்றில்லை, வண்ணமாக, நீளமாக, எழுந்த பிறகும் மனசில் நிற்கிற கனவு. 2013 ஆய்வில் 37 சதவீதம் பேர் சொன்னார்கள், வெற்று மாத்திரையில் 13 சதவீதம். தலைவலி 16 சதவீதம், வெற்று மாத்திரையில் 3. சிலருக்குத் தூக்கம் கலைகிறது, குமட்டுகிறது, பசி குறைகிறது, மலம் இளகுகிறது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காலைக்கு மாற்றுவது, அதுவும் போதாவிட்டால் முந்தின அளவுக்கு இறங்குவது. சிலருக்கு மனம் சோர்ந்து போகிறது. பழைய மனச்சோர்வு உள்ளவர்கள் வீட்டில் ஒருவரிடம் ‘என்னைக் கொஞ்சம் கவனித்துக்கொள்’ என்று சொல்லிவைக்க வேண்டும்.

கல்லீரல் பற்றிய பயம் பெரிய அளவுகளிலிருந்து வந்தது. 300 மி.கி. போன்ற அளவில் என்சைம்கள் உயர்ந்ததால் அமெரிக்காவில் மருந்தோடு வரும் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டிருந்தார்கள், 2013இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். நாலரையில் கல்லீரல் கெடுவது எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆனாலும் மஞ்சள் காமாலை நடப்பில் இருந்தாலோ, குடியால் கல்லீரல் முற்றிப்போயிருந்தாலோ எடுக்கக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் தொடங்கும் முன் ஒரு எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்வது நல்லது. இந்த மருந்து சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருத்துவர் அளவைப் பார்த்துத் தர வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு பெரிய மோதல் இல்லை, கல்லீரலில் அவை போகும் வழக்கமான வழியில் இது போவதில்லை.

உண்மையான ஆபத்து இந்த மாத்திரையில் இல்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வலி மாத்திரையில் இருக்கிறது. தறியில் குனிந்து உட்கார்ந்த இடுப்பு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைத்துக் குனிந்த கழுத்து, காப்பித் தோட்டத்தில் கூடை சுமந்த முழங்கால், எல்லாவற்றுக்கும் ‘நல்ல வலி மாத்திரையா நாலு குடுங்க’ என்று வாங்கிய துண்டு அட்டைகளில் பெயரும் கிழிந்துபோயிருக்கும். அதில் டிராமடால் இருக்கலாம். பாரசிட்டமாலோடு சேர்ந்த அல்ட்ராசெட் போன்ற கலவையாகவும் வரும். 2018இலிருந்து டிராமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தாலும், மருத்துவர் எழுதி வாங்கியது வீட்டில் மிச்சம் கிடக்கும். டேபென்டடால், கோடீன் இருமல் மருந்து, ஃபென்டனில் ஒட்டுப்பட்டை, பென்டசோசின் ஊசி, புப்ரினார்ஃபின், மார்பின் எல்லாம் இதே குடும்பம். அபின் சேர்ந்த லேகியமும் சூரணமும் உண்டு, ‘நாட்டு மருந்துதானே’ என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

தினமும் டிராமடால் எடுத்த உடம்பில் நால்ட்ரெக்சோன் விழுந்தால் அது ஏற்பியிலிருந்து டிராமடாலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பழகிய மருந்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் மெல்ல வரவேண்டிய விலகல் அவஸ்தை ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து இறங்கும்: கொட்டாவி, மூக்கு ஒழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சம், வேர்வை, வயிற்றைப் புரட்டும் வாந்தி, பேதி, கால் இழுப்பு, ஒரு இடத்தில் இருக்க முடியாத பதற்றம். 50 மி.கி. எடுத்தவருக்கு இது 48 மணி நேரம்வரை நீடிக்கலாம். குறைந்த அளவில் காலம் குறையலாம், வேதனை குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வாந்தியும் பேதியும் சேர்ந்து நீர்ச்சத்து இறங்குவதுதான் முதியவருக்கு ஆபத்து. அப்போது இன்னொரு டிராமடாலை விழுங்கினால் சரியாகாது, ஏற்பி அடைபட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ், வாந்திக்கு ஊசி, பதற்றத்துக்குக் குளோனிடின் போன்றவை தர வேண்டும். நேரே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று அட்டையோடு காட்டுங்கள்.

தடுக்கும் வழி எளிது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், பாட்டிலையும், லேகிய டப்பாவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்ட வேண்டும். இந்த ஓபியாய்டு குடும்பத்து மருந்து எதையாவது எடுத்திருந்தால் கடைசி வேளைக்கும் நால்ட்ரெக்சோனுக்கும் இடையில் 7 முதல் 10 நாள் இடைவெளி. மெத்தடோன், புப்ரினார்ஃபின் போல நீண்ட நேரம் நிற்பவையாக இருந்தால் இரண்டு வாரம். அந்த இடைவெளியில் பாரசிட்டமால் போன்ற வேறு வகை மருந்தால் சமாளிக்கலாம். பேதிக்கான டைஃபினாக்சிலேட் கலந்த மாத்திரையும் இதில் சேர்த்தி, நால்ட்ரெக்சோன் எடுக்கும் நாட்களில் லோப்பரமைடும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். குருமாவில் அரைக்கிற கசகசாவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சமையலுக்குப் போடுகிற ஒன்றிரண்டு ஸ்பூன் ஒரு விஷயமில்லை.

இதன் மறுபக்கம் அறுவை சிகிச்சையும் விபத்தும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் வந்து விழுந்தவருக்குக் கால் உடைந்து, மார்பின் தேவைப்படுகிறது என்று வையுங்கள். முந்தின இரவு நாலரை எடுத்திருந்தால் அது சில மணி நேரம் எதிர்பார்த்தபடி கேட்காமல் போகலாம். நால்ட்ரெக்சோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 4 மணி நேரமும், உடம்பு அதிலிருந்து உண்டாக்கும் இன்னொரு பொருளுக்குச் சுமார் 13 மணி நேரமும் ஆகும். வலி தீரவில்லையே என்று ஓபியாய்டை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து, அடைப்பு விலகும்போது மூச்சு மந்தமாகலாம். மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் நரம்பு மரப்பு ஊசி, கீட்டமின், டைக்ளோஃபெனாக் என்று வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றை நால்ட்ரெக்சோன் தடுப்பதில்லை. சட்டைப்பையில் ‘நால்ட்ரெக்சோன் எடுக்கிறேன்’ என்று எழுதிய சீட்டும், ஓட்டுநர் உரிமத்தோடு ஒரு நகலும் வைப்பது இதற்காகத்தான். முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை சிகிச்சையானால் ஒன்று முதல் மூன்று நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், மயக்க மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள்.

தொடங்கும் அன்றே ஒரு முடிவுத் தேதி போடுவது நல்லது. முழு அளவை எட்டிய பிறகு 12 வாரம். தினமும் தூங்கும் முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை, தூக்கத்துக்கு எத்தனை என்று காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிவந்தால் போதும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஃபைப்ரோமயால்ஜியா வலி தானாகவே ஏறி இறங்கும். இறங்கும் வாரத்தில் மாத்திரை தொடங்கினால் மாத்திரைதான் குறைத்தது என்று தோன்றும். சராசரி எண் இரண்டு புள்ளிகூட இறங்கவில்லை என்றால், பக்க விளைவு இல்லை என்பதற்காக மட்டும் தொடர்வதில் அர்த்தமில்லை.

நிறுத்தும்போது படிப்படியாக இறங்க வேண்டியதில்லை, இதற்கு அடிமைப்படுதலும் இல்லை. நிறுத்தியதும் பழைய டிராமடால் அட்டையைத் தேடி முன்பு எடுத்த அதே அளவை எடுப்பதுதான் கூடாது. இடையில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், ஏற்பிகள் முன்னைவிட உணர்வுகூடி இருக்கலாம். ஒரு காலத்தில் ஒத்துக்கொண்ட அளவே இப்போது மூச்சைக் குறைக்கப் போதும். வலி திரும்பினால் மறுபடி மருத்துவரிடமே போக வேண்டும், அப்போதும் அந்த மஞ்சப்பையோடு.